உளி நுனியில் நீலம்

மாமனாரிடம் ஒரு நல்ல பேர் வாங்கிவிட வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து மருமகனுக்கு ஆசை. ஆசையோடு நிறுத்தியிருக்கலாம்.

மாமனார் மரம் கடைபவர். கை முறிந்து கட்டுப் போட்டுக் கிடந்தார். அந்தச் சமயம் பார்த்து இவன் உளி தீட்டும் பெல்ட் மெஷின் ஒன்றை வாங்கிவந்து அவர் பட்டறையில் பொருத்தினான். பெல்ட் ஓடிய வேகத்தில் பொறி பறந்தது. அழுத்து அழுத்தென்று அழுத்தினான். அடிக்கடி தண்ணீரில் முக்க வேண்டும் என்பது அவனுக்கு எங்கே தெரியும்? ஒவ்வொரு உளியும் சூடேறி விரல் நீளத்துக்கு நீலம் பாரித்தது.

"பதம் போச்சு. இனி எவ்வளவு தீட்டினாலும் கூர் நிக்காது" என்றார் உளிகளைப் பார்த்த இரும்புக் கடைக்காரர்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. அத்தோடு விட்டானா? உப்புத்தாளால் தேய்த்து நீலத்தை அழித்தான். உளிகள் பளபளத்தன.

கட்டுப் பிரித்து வந்த மாமனார் அவற்றைக் கண்டு மலர்ந்துபோனார். "பிரமாதம் மாப்பிள்ளை!" இவன் தேள் கொட்டிய திருடனாய் நின்றான்.

கடைசல் எந்திரத்தில் மரத்தை மாட்டி ஓட்டினார். உளி கொஞ்சம் சீவியது, பிறகு வழுக்கியது. இவன் தீட்டிக் கொடுத்தான். மறுபடி வழுக்கியது. அவர் உளியைப் பார்க்கவே இல்லை. தன் மணிக்கட்டை மடக்கி மடக்கிப் பார்த்தார்.

"பழைய பலம் வராதுன்னு டாக்டர் அப்பவே சொன்னாரு. நான்தான் நம்பல."

இவன் அவர் கையிலிருந்த உளியை வாங்கிக் கீழே வைத்தான். "கை நல்லாத்தான் இருக்கு மாமா. உளியை நான்தான் கெடுத்தேன். பெல்ட்ல வெச்சு எரிச்சிட்டேன். எல்லாம் நீலமாயிடுச்சு."

அவர் ஓர் உளியை வெளிச்சத்தில் திருப்பினார். "எங்க நீலம்?"

"தேய்ச்சு அழிச்சிட்டேன். சத்தியமா மாமா. புது உளி வாங்கித் தரேன், போட்டுப் பாருங்க."

"புது உளிக்குப் புதுக் கையும் வேணுமே." சிரித்தார். கண் கலங்கியிருந்தது. "என் மனசு நோகக் கூடாதுன்னு பழியைத் தூக்கி உங்க தலையில போட்டுக்கிறீங்க. பெத்த பிள்ளைகூட இப்படிச் செய்யமாட்டான்."

இவன் மறுபடியும் சத்தியம் செய்தான். அவர் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு, விளக்கை அணைத்து, வீட்டுப் பக்கம் மகளுக்குக் குரல் கொடுத்தார்.

"பட்டறையை இனிமே மூடிடலாம்மா. உன் புருஷன் தங்கமான மனுஷன்."