இலை விட்ட குச்சிகள்

எம்.கே.பி. நகர் புத்த விகார் வாசலில் நின்ற அரசமரம் மழைநீர்க் கால்வாய்க்குக் குறுக்கே வந்தது. வெட்டியே ஆகவேண்டும். மாநகராட்சி என்ஜினீயர் நல்ல மனிதர். மரத்திலிருந்து குச்சி வெட்டி நட்டு, அது வேர் பிடித்த பிறகு சொல்லுங்கள், அதுவரை பொறுக்கிறேன் என்றார். அந்தப் பொறுப்பு போயும் போயும் நலச் சங்கத் தலைவர் வல்லரசு கையில் விழுந்தது.

வல்லரசு தலைவரான கதை பெரிய கதையல்ல. சங்கத்துக்கு மைக் வாங்கிக் கொடுத்தார். கொடுத்த மைக்கை அப்புறம் கீழே வைக்கவில்லை, அவ்வளவுதான்.

குச்சி வேர் விடுவதற்காக அடியில் தொட்டு நடும் வேர்ப் பொடியைக் கொண்டுவந்தவள் மதி. கண்ணாடிப் புட்டியில் வாழைக்கன்று வளர்க்கும் கம்பெனியில் அவளுக்கு வேலை. தளிர் தன் நுனியிலிருந்து ஆக்சின் என்ற ரசாயனத்தைக் கீழே அனுப்பும், அது வெட்டுவாயில் சேர்ந்தால்தான் அங்கே வேர் கிளம்பும், பொடியும் அதே வகைதான் என்று அவள் பொறுமையாகத்தான் சொன்னாள். லேசாகத் தொட்டு, தட்டி உதறிவிட்டு நடவேண்டும். கூடிப்போனால் குச்சி வெந்துவிடும். களையைச் சாகடிக்க அடிப்பதும் இந்த வகை மருந்துதான் என்றாள்.

"இன்னாம்மா, குழந்தைக்கு மருந்து ஊத்தற மாரி அளந்துகினு கீறே? மரம் வளரணுமா, வேணாவா?" என்றார் வல்லரசு. கூட்டம் சிரித்தது. பொடியைத் தண்ணீரில் குழைத்து, தோசை மாவு போல ஆக்கி, ஒவ்வொரு குச்சியையும் முக்கி எடுத்து நட்டார். போட்டோ வேறு.

மதிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்த மூஞ்சிக்கு ஒரு தரம் சொன்னதே அதிகம், இனி வாயைத் திறப்பதில்லை என்று முடிவு கட்டினாள். எல்லாம் கருகட்டும், ஊரே பார்க்கட்டும், அப்புறம் இந்த ஆள் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்கிறான் பார்க்கலாம். நினைக்கவே இனித்தது.

கொஞ்ச நாளில் குச்சிகள் செப்பு நிறத்தில் இலை விட்டன. வல்லரசு கேசரி கொடுத்தார், பேனர் கட்டினார். மதி உள்ளுக்குள் சிரித்தாள். குச்சி தன்னிடம் மிச்சமிருக்கும் சத்தில் இலை விடும், அதற்கு வேர் வேண்டியதில்லை. முட்டாள் இலையைப் பார்ப்பான், அடியைத் தொட்டுப் பார்க்கமாட்டான்.

அன்றே வல்லரசு என்ஜினீயருக்குப் போன் போட்டு, பிடித்துவிட்டது, வெட்டிக்கொள்ளுங்கள் என்றார். மதி பக்கத்தில்தான் நின்றாள். மரத்தை மறந்தே போனாள் என்று சொல்ல முடியாது. சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் வாயைக்கூடத் திறந்தாள். ஆனால் அந்த ஆளின் இளிப்பைப் பார்த்ததும் திரும்பவும் பல்லைக் கடித்துக்கொண்டாள். மறுநாள் மரம் விழுந்தது. பொக்லைன் தூரையும் தோண்டி எடுத்தது. கிளைகள் லாரியில் போயின.

அடுத்த வாரம் இலைகள் தொங்கின. மதியின் அம்மா பட்டம்மாள், அந்த மரத்தை நட்டவள், ஒரு குச்சியைப் பிடுங்கிப் பார்த்தாள். அடி கறுத்து, கொழகொழவென்று கையில் வந்தது. ஒரு வேர் இல்லை. மற்றதையும் பிடுங்கினாள். எல்லாம் அப்படியே.

"உனுக்கு முன்னியே தெரியுமாடி?"

"தெரியும்."

"அப்ப ஏன் சும்மா நின்னுகினு இருந்தே?"

"அந்தாளு அசிங்கப்படட்டும்னு."

பட்டம்மாள் தெருமுனைப் பக்கம் காதைக் கொடுத்தாள். வல்லரசு மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். புத்தகயாவிலிருந்தே கன்று வரவழைக்கப் போகிறாராம், ஃபிளைட்டில். கைதட்டல் நிற்கவில்லை.

"அவன் எங்கடி அசிங்கப்பட்டான்?" என்றாள்.

பட்டம்மாள் பழக்கதோஷத்தில் மரத்துக்கென்று கொண்டுவந்திருந்த குடத்துத் தண்ணீரை எங்கே ஊற்றுவது என்று தெரியாமல், அப்படியே இடுப்பில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பி நடந்தாள்.