ரவ்தாவுக்கு ஒரு ஃப்ரீசர்

வியாழக்கிழமை மதியத்துக்குள் ஒரே ஒரு ஆர்டராவது வந்தாக வேண்டும். இல்லையென்றால் எங்கள் அமைப்பு ரவ்தாவுக்கு ஒதுக்கிய ஃப்ரீசர் வேறு யாருக்காவது போய்விடும்.

சிரியாவின் ஹமாவிலிருந்து அகதியாக ஜோர்டானின் இர்பித் நகருக்கு வந்தவள் ரவ்தா. உடைத்த கோதுமைக்குள் கொத்துக்கறி பொதிந்து அவள் பொரித்தெடுக்கும் கிப்பேயைக் கடித்தவர்கள் அடுத்த சில நிமிடங்களுக்குப் பேச மாட்டார்கள். அகதிகளுக்குத் தொழில் தொடங்கித் தரும் எங்கள் அமைப்பில் அவள் என் பொறுப்பு. 'அக்கம்பக்கம் சாம்பிள் கொடு, ஆர்டர் தானா வரும்' என்று சொல்லியிருந்தேன்.

புதன்கிழமை போய்ப் பார்த்தால் மேசை நிறையச் சாப்பாடு.

"ஆர்டர்?" என்றேன்.

"இனிமேதான் வரணும் லுபானா. ஆனா ஜனங்க தங்கம். எதிர்வீட்டு உம்மு சக்ர் மக்லூபா சோறு குடுத்துவிட்டிருக்காங்க. மாடி வீட்டுல அத்திப்பழம்."

அவள் கணவன் முஃதஸ் சோற்றிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வியாபாரம் இப்படியே போனா அடுப்பே பத்தவைக்க வேணாம்."

எனக்குச் சுருக்கென்றது.

"சாம்பிளை எதுல வெச்சு அனுப்பின?"

"என் பீங்கான் தட்டுலதான். பின்ன?"

போச்சு. வீட்டுத் தட்டில் வந்தால் அது அன்பளிப்பு. தட்டைக் காலியாகத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். விலை கேட்கவும் மாட்டார்கள்.

"பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு, மேல ஃபோன் நம்பர் ஒட்டி அனுப்பு."

"உம்மு சக்ருக்கு டப்பாவுலயா? ஆஸ்பத்திரி மாத்திரை மாதிரி? என் மானமே போயிடும்."

"அப்ப தெரியாத தெருவுக்காவது அனுப்பு."

அதற்கு இறங்கி வந்தாள். முஃதஸ் டப்பாக்களோடு பின்தெருவுக்குக் கிளம்பினான்.

வியாழக்கிழமை. எங்கள் அதிகாரி ராகான் வந்து உட்கார்ந்துவிட்டார். ஃபோன் அடிக்கவே இல்லை. ரவ்தா அவருக்கு மூன்றாவது முறையாகக் காபி ஊற்றினாள்.

"ஆர்டர் ஏதாவது..." என்று அவர் ஆரம்பித்தபோது கதவு தடதடத்தது.

எதிர்வீட்டு உம்மு சக்ர். முகம் கடுகடுவென்றிருந்தது.

"பின்தெருவுக்கெல்லாம் டப்பா போகுதாம். விக்கிறியாமே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"உங்ககிட்டப் போய் எப்படிக்கா காசு..."

"அடுத்த வாரம் என் பையனுக்கு நிச்சயதார்த்தம். உன் கிப்பேதான் வேணும்னு வீடே ஒத்தக்கால்ல நிக்குது. தட்டு அனுப்பினவகிட்ட விலை கேட்டா நீ என்னைப் பத்தி என்ன நினைப்ப? ரெண்டு வீட்டு ஜனமும் வருது. செஞ்சு தருவியா, மாட்டியா?"

ரவ்தா காபிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"தருவா," என்றான் முஃதஸ்.

"காசு வேணாம்னு மட்டும் சொன்னா, இந்தப் படியை மிதிக்க மாட்டேன். பார்த்துக்கோ."

ராகான் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். "எனக்குக் கேட்க ஒண்ணும் பாக்கியில்ல. ஃப்ரீசர் சனிக்கிழமை வந்துடும்."

ரவ்தா சமையல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு ராகானிடம் மெல்லக் கேட்டாள்.

"உஸ்தாத்... ரெண்டு வீட்டு ஜனம்னா கொஞ்சநஞ்சமில்ல. இன்னும் கொஞ்சம் பெரிய ஃப்ரீசர் இருக்குமா?"

"அப்படிக் கேளு," என்றபடி உம்மு சக்ர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.