தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு

டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்த உடற்பயிற்சிக் கூடத்தில் தோற்றுப்போனவர் என்று ஒருவர்கூடக் கிடையாது. மாஸ்டர் அப்படி விடமாட்டார். பெஞ்சில் மல்லாந்து படுத்து, கம்பியை நெஞ்சுவரை இறக்கி, மேலே தள்ளும்போது கை லேசாக நடுங்கினால் போதும். தலைமாட்டில் நிற்கும் மாஸ்டரின் இரண்டிரண்டு விரல்கள் கம்பிக்கு அடியில் வந்துவிடும். "நீதான் தள்ற! எல்லாம் உன் பலம்! நான் சும்மா நிக்கறேன்!" என்று கூடவே ஒரு கத்தல். கம்பி மேலே போய்விடும். தள்ளியவர் எழுந்து உட்கார்ந்து, மலையைப் புரட்டி வைத்தவர்போல் தண்ணீர் குடிப்பார்.

அவரவர் தள்ளிய எடையைச் சுவரில் ஒரு கரும்பலகையில் எழுதி வைத்திருந்தார்கள். ஜெராக்ஸ் கடைக்காரர் எண்பது கிலோ தள்ளிய நாளிலிருந்து அவர் பெயரே எண்பது ஆகிவிட்டது. வீட்டிலிருந்து மனைவி போன் செய்தால்கூட, "எண்பது கிளம்பியாச்சா?" என்றுதான் கேட்கிறாளாம். சொல்லும்போது அவருக்கு வாயெல்லாம் பல்.

மாஸ்டரின் மச்சினி அங்கே வரத் தொடங்கி நாலு மாதம் ஆகியிருந்தது. தீயணைப்பு நிலையத்தில் தொலைபேசி அறையில் வேலை அவளுக்கு. எங்கே எரிகிறது, எந்தத் தெரு, உள்ளே ஆள் இருக்கிறார்களா என்று கேட்டு எழுதிக்கொண்டு மணியை அழுத்துவாள். கீழே வண்டி பறக்கும். இவள் நாற்காலியிலேயே இருப்பாள். ஒன்பது வருஷமாக இதே கதை.

"போன்லயே தீயை அணைச்சு அணைச்சு அலுத்துப் போச்சு அத்தான். நான் வண்டியில ஏறணும்" என்று சொல்லிக்கொண்டுதான் முதல் நாள் படியேறி வந்தாள்.

வண்டியில் ஏற நாலு பரீட்சை வைப்பார்கள். ஓட்டம், ஏணி, தண்ணீர்க் குழாயை இழுப்பது என்ற மூன்றிலும் அவளை யாரும் அசைக்க முடியாது. நாலாவதில்தான் இரண்டு வருஷமாகக் கவிழ்ந்துகொண்டிருந்தாள். நாற்பது கிலோக் கம்பியை, மல்லாந்து படுத்தபடி, ஐந்து முறை தள்ள வேண்டும். வயது வரம்பு முப்பத்தைந்து. இந்த வருஷமும் விட்டால் ஆயுசுக்கும் அந்த நாற்காலிதான்.

அத்தான் கையில் ஒப்படைத்த பிறகு அவளுக்குக் கவலை விட்டது. மூன்றாவது மாதமே நாற்பது கிலோவை ஐந்து முறை தள்ளிவிட்டாள். கரும்பலகையில் தன் கையாலேயே எழுதினாள்.

பரீட்சைக்குப் பன்னிரண்டு வாரம் இருக்கும்போது நிலையத்தில் ஒரு ஒத்திகை நடந்தது. போனவள் இரண்டு முறை தள்ளினாள். மூன்றாவதில் கம்பி நெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டது. இரு பக்கமும் நின்ற ஆட்கள் தூக்கி எடுத்தார்கள்.

அன்று மாலை அக்கா வீட்டுச் சமையலறையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "பயந்துட்டேன் போல அத்தான்" என்றாள். முகம் சுண்டிப் போயிருந்தது.

"அதேதான்" என்றார் மாஸ்டர். "உடம்புல பலம் இருக்கு. மனசுல இல்ல. நாளையிலேருந்து நாற்பத்தஞ்சு போடுவோம். நாற்பத்தஞ்சு தள்ளிப் பழகினவளுக்கு நாற்பது பஞ்சு மாதிரி இருக்கும்."

அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி திரும்பிப் பார்த்தாள். அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் ஆசிரியை. வீட்டுக்கு வந்தால் அதிகம் பேசமாட்டாள். பகல் முழுக்கப் பேசித் தீர்த்துவிட்டு வருகிறவள்.

"அங்க நாற்பதே ரெண்டு தடவைதான். உங்ககிட்ட நாற்பத்தஞ்சா?" என்று மட்டும் கேட்டாள்.

"உனக்கு இதெல்லாம் புரியாது."

"சரி" என்று அடுப்பைத் துடைத்தாள்.

சொன்னபடியே நாற்பத்தைந்து போட்டார். மச்சினி தள்ளினாள். ஐந்து முறை. எண்பது கைதட்டினார். அந்த வாரக் கடைசியில் தங்கையைக் கூட்டிப் போக மாஸ்டரின் மனைவி மாடியேறி வந்தாள். கதவோரம் நின்று ஐந்தையும் பார்த்தாள். தங்கையை அவள் வீட்டில் இறக்கிவிட்டு, வண்டியில் கணவனும் தானும் மட்டும் ஆன பிறகு, சிக்னலில் நிற்கும்போது மெதுவாக ஆரம்பித்தாள்.

"என்னங்க, அவ கழுத்து நரம்பு புடைக்கவே இல்லை. உங்க கழுத்துலதான் கயிறு கயிறா நிக்குது."

"நான் விரலை வெச்சிருந்தேன். அவ்வளவுதான்."

"நாலு மாசத்துல உங்க சட்டை ரெண்டு தோள்பட்டையில கிழிஞ்சிருக்கு. நான்தான் தைச்சேன். அந்தக் கூடத்துல உடம்பு ஏறினது ஒருத்தருக்குத்தான். யாருக்குன்னு உங்களுக்கே தெரியும்."

மாஸ்டர் வெளியே பார்த்தார்.

"என் கால்கிட்டயும் ஒரு பிரேக் இருக்கு" என்றாள் அவள். "ஆசிரியருக்குன்னு வெச்சது. முதல் வருஷம் அதை நான் மிதிச்ச மிதில, என்கிட்ட படிச்சவங்க எல்லாரும் பிரமாதமா நிறுத்துவாங்க. லைசென்ஸ் பரீட்சைக்குப் போனா நேரா கம்பத்துலதான் போய் நிப்பாங்க."

"இதை நீ இதுவரை சொன்னதே இல்லையே."

"பெருமைப்பட்டுச் சொல்ற விஷயமா அது?"

பச்சை விழுந்தது. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.

வீடு வந்தும் மாஸ்டர் சட்டையை மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். இருபது வருஷத்தில் எத்தனை பேர் அந்தப் பெஞ்சில் படுத்து எழுந்திருப்பார்கள் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். கம்பி பாதி வழியில் நின்று, முகம் சிவந்து, கண் இடுங்கி, போகுமா போகாதா என்று தெரியாமல் தொங்கும் அந்த ஒரு நொடி. அவர்கள்மேல் இருக்கும் இரக்கத்தில்தான் கை நீள்கிறது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தார். இப்போது யோசித்தால் அப்படித் தெரியவில்லை. அந்த நொடியை அவர்கள் தாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். தாங்க முடியாமல் போனது அவருக்கு.

மறுநாள் காலை கூடத்தில் வேறு யாரும் வருவதற்கு முன் மச்சினியை வரச் சொன்னார். தடித்த நாலு கால் சட்டம் ஒன்று மூலையில் கிடந்தது. அதன் இரு பக்கமும் குறுக்குக் கம்பிகள் செருகியிருக்கும். தூக்குகிறவர் கை விட்டால் எடையைத் தாங்கிக்கொள்ளத்தான் அவை. ஆனால் மாஸ்டர் இருக்கும்போது கை விடுகிறவர் யார்? அதனால் பல வருஷமாக அவற்றில் துண்டுதான் காய்ந்துகொண்டிருந்தது. துண்டுகளை எடுத்துப் போட்டுவிட்டு, பெஞ்சை உள்ளே தள்ளி, நாற்பது கிலோவை ஏற்றினார்.

"இதுக்குள்ள படு. விட்டா இந்தக் கம்பி பிடிச்சுக்கும். நான் ஜன்னல்கிட்ட நிக்கறேன்."

"ஏன்? என்கிட்ட வியர்வை நாத்தமா?"

"படும்மா."

இரண்டு முறை தள்ளினாள். மூன்றாவதில் கம்பி பாதியில் நின்றது. மாஸ்டரின் கால் தானாக இரண்டு எட்டு வைத்துவிட்டது. ஜன்னல் கட்டையை எட்டிப் பிடித்துத் தன்னை நிறுத்திக்கொண்டார். கம்பி இறங்கிக் குறுக்குக் கம்பிகள்மேல் டங்கென்று உட்கார்ந்தது. கீழே டயர் கடையிலிருந்து யாரோ திட்டினார்கள்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். கம்பியைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள்.

"அப்ப ஒத்திகையில நான் பயப்படல."

"இல்ல."

"எனக்கு ரெண்டுதான் வரும்."

"ஆமா."

"அந்த நாற்பத்தஞ்சு?"

"பாதி நான்."

"நாலு மாசம் அத்தான்!" என்றாள். குரல் உயரவில்லை. அதுதான் அவருக்கு அதிகமாகச் சுட்டது. "ரெண்டு தடவை தோத்தப்பகூட என்னால எவ்வளவு முடியும்னு எனக்குத் தெரிஞ்சிருந்தது. உங்ககிட்ட வந்துதான் அதுவும் போச்சு."

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

நாலு நாள் வரவில்லை. அந்த நாலு நாளில் மாஸ்டர் ஒரு காரியம் செய்தார். எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, கரும்பலகையில் இருப்பதில் தன் பங்கும் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். அப்புறம் ஒவ்வொருவரையும் அந்தச் சட்டத்துக்குள் படுக்க வைத்தார். இரண்டு பேர் மாதக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். எண்பது, அறுபத்திரண்டாக எழுந்தார். கொஞ்ச நேரம் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பேரை மாத்திடாதீங்கப்பா" என்றார். "விசிட்டிங் கார்டு அடிச்சுட்டேன்."

ஐந்தாம் நாள் மச்சினி வந்தாள்.

"கோபம் போகல. ஆனா பத்து வாரம்தான் இருக்கு. கோபத்தை அப்புறம் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, தானே பெஞ்சில் போய்ப் படுத்தாள்.

மாஸ்டருக்கு எங்கே நிற்பதென்று தெரியவில்லை. தலைமாட்டில் நின்றால் கை நம்பிக்கைக்கு உரியதல்ல. ஜன்னல் தூரம். கடைசியில் அவள் கால்மாட்டில் போய், ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். இருபது வருஷத்தில் அந்தப் பக்கத்திலிருந்து யாரையும் அவர் பார்த்ததில்லை. தலைமாட்டிலிருந்து தெரிவது நெற்றியும் விரல்களும்தான்.

முப்பது கிலோவைத் தள்ளினாள். மாஸ்டர் வாளியிலிருந்து எழுந்துவிட்டார்.

"என்னம்மா, காலை நீச்சலடிக்கிற மாதிரி உதைக்கிற?"

"உதைக்கிறேனா?"

"குதிகால் தரையிலயே இல்ல. இடது முழங்கை வேற வெளிய ஓடுது. கம்பி நேரா போகாம, காலி ரோட்டுல சைக்கிள் கத்துக்கறவன் மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகுது."

"இத்தனை நாளா இப்படியேவா?"

"இருந்திருக்கும். நான்தான் வளைஞ்சதை நிமித்திக்கிட்டே இருந்திருக்கேன்."

அவள் படுத்தபடியே சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். பாதிக் கோபம் அங்கேயே கழன்றது.

அதன்பிறகு அவர் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. முதல் வாரம், குதிகாலை ஊன்று என்பது மட்டும்தான். அது பழகிய பிறகுதான் முழங்கையைப் பற்றி வாயைத் திறந்தார். மூச்சைப் பற்றிச் சொல்ல நாக்கு துறுதுறுத்தாலும், ஒரு நேரத்தில் ஒன்றுக்குமேல் அவள் தலையில் நிற்காது என்று கண்டுகொண்டு அடக்கிக்கொண்டார். முப்பது கிலோ, முப்பத்திரண்டரை ஆயிற்று. ஒரு வாரம் அங்கேயே நின்றது. அவள் கத்தினாள், அழுதாள், கம்பியை உதைக்கப் போய்க் கால் கட்டைவிரலில் அடிபட்டுக்கொண்டாள். மாஸ்டர் வாளியில் உட்கார்ந்திருந்தார். முன்பெல்லாம் இப்படிப்பட்ட நேரத்தில் ஒரு பிரசங்கம் செய்திருப்பார். இப்போது அவள் எழுந்து மூச்சு வாங்கும்வரை பேசாமல் இருந்துவிட்டு, "தூங்கினியா நேத்து?" என்று கேட்டார். இரண்டு நாளாக இரவு முறை வேலை என்றாள். அந்த வாரம் பயிற்சியைப் பாதியாகக் குறைத்தார். அடுத்த வாரம் முப்பத்தைந்து தானாக ஏறியது.

பத்தாவது வாரம் நாற்பதில் நாலு வந்தது. ஐந்து வரவில்லை. அதற்குமேல் நாளும் இல்லை.

பரீட்சை நாளன்று வேடிக்கை பார்க்க வந்தவர்களைக் கயிறு கட்டித் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். மாஸ்டர் முதல் வரிசையில் நின்றார். ஓட்டம், ஏணி, குழாய் மூன்றும் முடித்து, தலைமுடி நெற்றியில் ஒட்ட, மச்சினி கடைசியாகப் பெஞ்சில் படுத்தாள். தலைமாட்டில் இரண்டு வீரர்கள். பக்கத்தில் அட்டையும் பேனாவுமாக ஒரு பெண் அதிகாரி.

குதிகால் இரண்டும் தரையில் ஊன்றியிருந்தன. மாஸ்டருக்கு வேறெதுவும் தெரியவில்லை.

ஒன்று. இரண்டு. மூன்றாவது கொஞ்சம் மெதுவாக. நாலாவதில் இடது கை வெளியே ஓடப் பார்த்துத் திரும்பி வந்தது. ஐந்தாவது நெஞ்சிலிருந்து கிளம்பி, பாதியில் நின்றது.

நின்றது என்றால் அப்படியே நின்றது. ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. மாஸ்டர் கயிற்றை முறுக்கிய முறுக்கில் பக்கத்தில் நின்ற பெரியவர், "தம்பி, கயிறு அறுந்துடும்" என்றார்.

கம்பி தாங்கியில் விழும் சத்தம் கேட்டது.

மச்சினி எழுந்து வந்தாள். அதிகாரியைப் பார்க்கவில்லை. நேராகக் கயிற்றருகே வந்தாள். கண்ணில் சந்தேகம்.

"யாராவது தொட்டாங்களா அத்தான்? கடைசில? எனக்குத் தெரியல. உண்மையைச் சொல்லுங்க."

மாஸ்டர் நெளிந்தார். சரசரவென்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினார்.

"எனக்கும் தெரியலம்மா. நான் கண்ணை மூடிட்டேன்."

"கண்ணை மூடிட்டீங்களா! பத்து வாரம் வாளில உக்காந்து பாத்துட்டு, இன்னைக்கா?"

"முடியலம்மா."

அவள் தலையில் அடித்துக்கொண்டு அதிகாரியிடம் ஓடினாள். "மேடம், என்னை யாராவது தொட்டாங்களா?"

அதிகாரி அட்டையிலிருந்து நிமிர்ந்தாள். "தொட்டிருந்தா உன் பேரை ஏன்மா இந்தப் பட்டியல்ல எழுதறேன்? அங்க பார், அந்த மேஜையில பூட்ஸுக்கு அளவு எடுக்கறாங்க. போய் நில்லு."

மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் அவள் காலை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இருப்பதிலேயே சின்ன அளவே இவளுக்கு ஒரு விரல்கடை பெரிசாம். புதுசு வரவழைக்க மூன்று மாதம் ஆகுமாம்.

"அதெல்லாம் வேண்டாம், இதையே குடுங்க" என்றாள் மச்சினி. "நான் ரெண்டு சாக்ஸ் போட்டுக்கறேன்."