கொட்டகையில் ஒரு வாசகர் வட்டம்

"போன வாரந்தானடி தலைக்கு ஊத்திக்கிட்டு உள்ள வந்த—"

"அதுக்கு நான் என்ன அத்த பண்றது, ஒடம்பு—"

"ஒடம்பாம் ஒடம்பு! மாசத்துக்கு ஒருக்கா வாரதுன்னு ஊரு ஒலகத்துக்கே—"

"வேணும்னா டாக்டரம்மாகிட்ட வாங்க, கேப்போம். ரத்தம் கம்மியா இருந்தா இப்பிடித்தான்—"

"ஒனக்கு ரத்தமாடி கம்மி? படிச்சது கம்மின்னு சொல்லு!"

சொர்ணவல்லி விளக்குமாற்றோடு கொல்லையில் நின்றிருந்தாள். அவளுக்கு எதிரே மோட்டார் கொட்டகை. ஒரு காலத்தில் மாடு கட்டியிருந்த இடம். இப்போது ஒரு மூலையில் மோட்டார், மறு மூலையில் உடைந்த சைக்கிள், நடுவில் கோரைப்பாய் விரித்து மருமகள் பிரகதீஸ்வரி. வீட்டுக்குத் தூரமான பெண்கள் ஒதுங்கி இருக்க அந்த வீட்டில் அதுதான் இடம். பிரகதீஸ்வரியின் மடியில் செங்கல் கனத்துக்கு ஒரு புத்தகம் இருந்தது.

"அந்தப் புத்தகத்த இங்கிட்டு எறி. சரஸ்வதிடி அது. தீட்டுக் கையால தொடலாமா?"

"தொட்டுட்டேனே அத்த. இப்ப நீங்க வாங்குனா ஒங்களுக்கும் தீட்டு. குளிக்கணும். கரண்டு வேற இல்ல, மோட்டாரு ஓடாது."

சொர்ணவல்லி விளக்குமாற்றை ஓங்கினாள். விளக்குமாற்றால் புத்தகத்தைத் தட்டிவிடலாம். ஆனால் தீட்டு விளக்குமாறு வழியாக ஏறுமா, ஏறாதா? மாமியார் இருந்திருந்தால் கேட்டிருக்கலாம். அவர் செத்துப்போய் ரொம்ப நாளாகிவிட்டது. பதில் தெரியாமல் விளக்குமாற்றை இறக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அன்றைக்கும் கடலை பறிக்கிற ஆட்களுக்கு அவள்தான் பொங்கிப் போட வேண்டும்.

பிரகதீஸ்வரியைச் சோம்பேறி என்று யாரும் சொல்ல முடியாது. விடிவதற்கு முன்னால் வாசல் தெளிப்பதில் ஆரம்பித்தால், மாமனாருக்குக் காப்பி, கொழுந்தனுக்கு டிபன், வயலுக்குச் சோறு, மறுபடி காப்பி, மறுபடி சோறு என்று படுக்கப்போகும் வரை நின்றுகொண்டேயிருப்பாள். புருஷன் ஆனந்தராஜ் குவைத்தில் இருந்தான். "குரூப் ஃபோர் இந்தத் தடவையும் போச்சுன்னா புத்தகத்த மூட்ட கட்டிரு. அதுக்கு மேல அப்பாகிட்ட நான் பேச முடியாது" என்று போனில் சொல்லிவிட்டான். பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் அவளுக்கு உட்காரக் கிடைத்த ஒரே ஆசனம் தீட்டுதான்.

புத்தகம் கொண்டுவந்து தருகிறவள் நாஜியா. நூலகத்துக்கு வர முடியாதவர்களுக்கு வீட்டுக்கே போய்ப் புத்தகம் கொடுத்து வாங்கிவரும் தன்னார்வலர்களில் ஒருத்தி. முதல் தடவை கொட்டகைக்கு வந்தபோது பிரகதீஸ்வரி பதறிப்போய், "கீழ வையி நாஜியா, நான் எடுத்துக்கிறேன். கையில குடுத்தா ஒனக்கும் தீட்டு" என்றாள்.

நாஜியா கையிலேயே திணித்தாள். "எங்க வீட்டுல அந்த நாள்ல தொழுகைக்குத்தான்கா லீவு. பாத்திரத்துக்குக் கெடையாது. நீங்க குடுத்து வச்சவுக. படிங்க."

பிரகதீஸ்வரிக்கு அதுவரை அப்படித் தோன்றியதில்லை. தோன்றிய பிறகு அவள் அடிக்கடி குடுத்துவைத்தவளாகிவிட்டாள். மாதம் ஒருமுறை என்பது இருமுறையானது. 'தூரம்' என்ற சொல்லைக் கேட்டாலே வீட்டு ஆண்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருப்பக்கம் போய்விடுவார்கள். கேள்வி கேட்கிற வழக்கம் கிடையாது. விஷயம் வேலியைத் தாண்டியது. எதிர்வீட்டு வனிதா ஒதுங்கினாள், பக்கத்து வீட்டுக்காரி ஒதுங்கினாள். அந்தத் தெருவின் பெண்களுக்கு என்ன வந்துவிட்டது என்று எந்த வைத்தியராலும் சொல்லியிருக்க முடியாது. நாஜியாவின் ஸ்கூட்டிப் பெட்டி மட்டும் மூட முடியாமல் பிதுங்கியது.

இதற்கெல்லாம் வேர் நூலகத்தில் இருக்கிறது என்று சொர்ணவல்லி கண்டுகொண்டாள். ஒரு மத்தியானம் நல்ல சேலையாக உடுத்திக்கொண்டு சண்டைக்குப் புறப்பட்டாள்.

நூலகத்துக்குள் அவள் கால் வைத்தது அன்றுதான் முதல் தடவை. சுவரில் புரவலர்கள் பலகையில் அவள் புருஷன் ரெங்கசாமியின் பெயர் மேலேயே இருந்தது. பலகைக்குக் கீழே, வயலில் தண்ணீர் பாய்ச்சுவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்த தெரு ஆண்கள் இரண்டு பேர் பேப்பரில் முகத்தை மறைத்துக்கொண்டார்கள்.

"எம் மருமவளுக்கு இனிமே புத்தகம் குடுக்காதீங்க" என்றாள் நூலகர் அன்புமொழியிடம்.

"ஏம்மா, கிழிச்சுட்டாங்களா?"

"கிழிக்கல. படிக்கிறா."

அன்புமொழிக்கு இருமல் வந்துவிட்டது. வாயைத் துடைத்துக்கொண்டு, "வெயில்ல வந்திருக்கீங்க. மொதல்ல ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. சண்டைய அப்பறமாப் போடுவோம்" என்றாள்.

சொர்ணவல்லி உட்கார்ந்தாள். காற்று நன்றாக வந்தது. யாரும் காப்பி கேட்கவில்லை. "சொர்ணம், அந்தச் சட்டை எங்க?" என்று யாரும் கூப்பிடவில்லை. இப்படியும் ஒரு இடம் இருக்கிறதா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. சும்மா உட்கார்ந்திருக்கக் கூச்சப்பட்டு மேசையில் கிடந்த துப்பறியும் நாவல் ஒன்றைப் புரட்டினாள். எட்டாவது வரை படித்த எழுத்து, கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு வழிக்கு வந்தது. ஜமீன் பங்களாவில் ஒரு கொலை. சந்தேகம் சமையல்காரி மேல்.

மூடுகிற நேரம் வந்ததும் அன்புமொழி ஜன்னல்களைச் சாத்தினாள்.

"சமையக்காரி பண்ணிருக்க மாட்டா" என்றாள் சொர்ணவல்லி, புத்தகத்தை விடாமல். "மூணு வேளையும் பொங்கிப் போடுறவளுக்குக் கொல பண்ண ஏது நேரம்?"

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிப் பாருங்களேன்."

"ஐயய்யோ, அவரு பாத்தாருன்னா அவ்வளவுதான். நீ ஒண்ணு பண்ணு. மருமவ பையில போட்டு விடு."

புத்தகம் மறுநாள் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. பிரகதீஸ்வரி அப்போதும் அங்கேதான் இருந்தாள். சொர்ணவல்லிக்குப் பழைய சிக்கல்.

"அத இப்பிடித் தரையில வையி. நான் எடுத்துக்கிட்டுக் குளிச்சுக்கிறேன்."

முதல் அத்தியாயம் முடித்துக் குளித்தாள். சமைத்துவிட்டு வந்து இரண்டாவது அத்தியாயம், மறுபடி குளியல். மூன்றாவதில் தும்மல் பிடித்துக்கொண்டது. நாலாவதில் குளிக்கவில்லை. ஐந்தாவதில் கோரைப்பாயின் மறு ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். மருமகள் குரூப் ஃபோர் கேள்விகளோடும் மாமியார் கொலைகாரனோடும் மல்லுக்கட்டினார்கள். அம்மன் ஒன்றும் செய்யவில்லை. கூரையில் பல்லிகூட ஒரு சொல் சொல்லவில்லை.

"அத்த, இந்தக் கணக்குக் கேள்விய வாசிங்களேன், நான் மனசுலயே போட்டுப் பாக்குறேன்."

"ஒரு வேலைய எட்டுப் பேரு பத்து நாள்ல முடிச்சா, நாலு பேரு எத்தன நாள்ல முடிப்பாங்க?"

"இருவது."

"ஒரு ஆளு முடிச்சா?"

"அப்பிடிக் கேள்வி இல்லயே அத்த."

"இல்ல, கேட்டேன்."

பரீட்சை ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின செவ்வாயன்று மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டினார்கள். திருவிழாக் கமிட்டித் தலைவர் ரெங்கசாமி கையிலும் மஞ்சள் கயிறு ஏறியது. ஞாயிறு காலையில் கோயில் மைக்கில் அவர் குரலே ஊர் முழுக்க முழங்கியது: "காப்புக் கட்டுன வீட்டு ஆளுக யாரும் எல்லையத் தாண்டப்படாது. வீட்டச் சுத்தபத்தமா வச்சுக்கணும்."

மைக்கை வைத்துவிட்டு அவர் வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஸ்கூட்டியில் நாஜியா இருந்தாள். பிரகதீஸ்வரி ஹால் டிக்கெட்டோடு செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்டு?"

"பரீட்ச மாமா. அறந்தாங்கில."

"இப்பத்தான மைக்குல கத்திட்டு வாரேன்? எம் வீட்டு ஆளே எல்ல தாண்டுனா ஊருக்காரன் எம் மொகத்துல முழிப்பானா? அடுத்த வருசம் எழுதிக்கிறலாம், உள்ள போ. மத்தியானம் கமிட்டிக்காரவுக எல்லாரும் சாப்பிட வாராக."

பிரகதீஸ்வரி செருப்பைக் கழற்றவில்லை. உள்ளேயும் போகவில்லை.

"அவ தூரம்" என்றாள் பின்னாலிருந்து சொர்ணவல்லி.

ரெங்கசாமியின் கை தானாகத் துண்டுக்குப் போனது. பிரகதீஸ்வரி திகைத்துத் திரும்பினாள். அன்றைக்கு அவளுக்கு அப்படி ஒன்றும் இல்லை. சொல்ல வாயெடுத்தவள், மாமியார் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

"காப்புக் கட்டுன வீட்டுல தூரமானவ இருக்கலாமாங்க?"

"கொட்டகையில இருக்கட்டும்."

"கொட்டகையும் வீட்டுச் செவத்தோட ஒட்டித்தான இருக்கு? நீங்க மொதமொதல்ல காப்புக் கட்டுன வருசம் என்னய எங்க உக்கார வச்சாக ஒங்க ஆத்தா? எல்லைக்கு அங்கிட்டு, கம்மாக்கரையில. கையில ஆனந்தராஜு, பால்குடிப் புள்ள. மழ வேற. அன்னிக்கு எல்லையத் தாண்டக் கூடாதுன்னு யாரும் மைக்குப் பிடிக்கலயே?"

ரெங்கசாமி துண்டை உதறினார்.

"நாஜியா, இவள ஏத்திக்கிட்டுப் போ. சாயங்காலம் வரைக்கும் எல்லைக்கு அங்கிட்டே இருக்கட்டும்."

ஸ்கூட்டி சீறிக்கொண்டு தெரு முக்கைத் தாண்டியது. திரும்பிப் பார்த்த பிரகதீஸ்வரிக்குக் கை காட்டக்கூடத் தோன்றவில்லை. ரெங்கசாமி அது மறையும் வரை பார்த்துவிட்டு, இரண்டு தடவை செருமினார்.

"சரி, நீயாச்சும் போயி அடுப்பப் பத்த வையி."

சொர்ணவல்லி அடுப்படிப் பக்கம் போகவில்லை. கொல்லையைக் கடந்து கொட்டகைக்குப் போய்க் கோரைப்பாயில் உட்கார்ந்து கொலை நாவலைப் பிரித்தாள்.

"ஏய், என்ன இது?"

"கிட்ட வராதீங்க. அவ தூரமா இருந்தப்பல்லாம் அவ மடியில இருந்துதான் புத்தகம் வாங்கிப் படிச்சேன், குளிக்காம. ரொம்ப நாளா இதான் நடக்குது. நானும் தீட்டு."

"தலைக்கு ஊத்திக்கிட்டு வா!"

"ஊத்துனா தும்மல் வருது. அப்பறம், ஒங்களுக்குந்தான் சொல்றேன். காலையில பூசையில வச்சுப் படிச்சீங்களே அம்மன் பாட்டுப் புத்தகம், லைப்ரரிதுதான? அதுக்கு அட்ட பிஞ்சு கெடந்துச்சு. ஒங்க மருமவதான் இந்தப் பாயில உக்காந்து ஒட்டிக் குடுத்தா. நீங்க தொட்டுட்டுத்தான் கோயிலுக்குள்ள போயிருக்கீங்க."

ரெங்கசாமி தன் மணிக்கட்டைப் பார்த்தார். மஞ்சள் கயிறு நிறம் மாறாமல் அங்கேயேதான் இருந்தது. வாசலில் கமிட்டிக்காரர் யாரோ, "அண்ணே, மத்தியானத்துக்கு எத்தன எல அறுக்கணும்?" என்று குரல் கொடுத்தார்.

"இந்தா வாரேன்!" என்று கத்திவிட்டு, ரெங்கசாமி கொட்டகை வாசலுக்கே வந்து குனிந்தார். குரலைத் தணித்துக்கொண்டார். "இந்தக் காலத்துல இதெல்லாம் யாருடி பாக்குறா? தீட்டாவது ஒண்ணாவது. எந்திரிச்சு வந்து சோத்த வடி."

சொர்ணவல்லி பக்கத்தைத் திருப்பினாள்.

"நல்லதாப் போச்சு. தீட்டுன்னு ஒண்ணும் கெடையாதுன்னு அதே மைக்குல ஒருக்காச் சொல்லிட்டு வாங்க. நான் வந்து சோறு வடிக்கிறேன்."