விளக்குக்கு முன்னால்

அக்டோபர் 13, திங்கள்.

ஒரு தப்பு செய்துவிட்டேன். நேற்று வரை அது சிறியது என்றுதான் நினைத்தேன். மாமாவின் பிக்கப்புக்கு ஹெட்லைட் பல்பு வாங்கப் போனபோது, கடைக்காரர் காட்டியவற்றை ஒவ்வொன்றாக எரியவிட்டு, வெளிச்சத்தைச் சுவரில் அடித்துப் பார்த்தேன். எது தூரம் போகிறது, எது பள்ளத்தைக் காட்டும் என்று ஒப்பிட்டேன். எல்லாவற்றையும் விளக்குக்குப் பின்னால் நின்றே பார்த்தேன். ஒருமுறைகூட முன்னால் போய் நிற்கவில்லை.

இடப்பக்கத்துப் பல்பு மட்டும்தான் போயிருந்தது. பழையபடி மஞ்சள் பல்பே போதும் என்று தோன்றியது. ஆனால் என் முடிவை நான் நம்புவதில்லை. மாமாவுக்குப் போன் செய்தேன்.

"வெள்ளையா, பளிச்சினு இருக்கறத ரெண்டா வாங்குடா. எதிர்ல வர்றவன் தானா ஒதுங்கணும்."

கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போது வாய் கசக்கிறது.

மாமா கமலக்கண்ணன் என் அக்காவின் கணவர். எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையிலிருந்து அட்டைப்பெட்டிகள் ஏற்றுகிறார். நான் கூடப் போய் இறக்குகிறேன். மாலையில் பிரெஞ்சு வகுப்பு.

நேற்று இருட்டிய பிறகு கடைசி லோடோடு அரியாங்குப்பம் பாலத்தைத் தாண்டினோம். பூச்சிகள் சாரல்போல வந்து விளக்கில் மோதின. எதிரே வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கையை நெற்றிக்குக் கொண்டுபோனார்கள்.

"சல்யூட் அடிக்கறானுங்க பாரு," என்றார் மாமா.

டிம் பண்ணச் சொன்னேன். பண்ணினார், அப்போதும் அந்த வெள்ளை நேராக அவர்கள் முகத்திலேயே கொட்டியது. ஒரு ஸ்கூட்டர் தடுமாறி ஓரத்து மணலில் சாய்ந்தது. பச்சைத் துப்பட்டா மட்டும் தெரிந்தது. நிறுத்தச் சொன்னேன். ஓட்டத் தெரியாததெல்லாம் ரோட்டுக்கு வருது என்று சொல்லி ஹாரன் அடித்தார். அவர் வாயிலிருந்து வந்த பாக்கு வாடை எனக்குக் குமட்டியது. குமட்டியதே தவிர, நான் கதவைத் திறக்கவில்லை.

இன்று வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் தீபலட்சுமி, உள்ளங்கையில் கட்டோடு வந்தாள். அரியாங்குப்பத்தில் மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். நேற்று வேலை முடிந்து வரும்போது ஒரு வெள்ளைச் சுவர் எதிரே வந்த மாதிரி இருந்தது, வண்டியோடு விழுந்தேன் என்று எல்லோரிடமும் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"உங்க மாமாவும் பிக்கப்தான ஓட்றாரு? இந்தக் கருமத்த அதுலயும் மாட்டி வெச்சிருக்கீங்களா?"

"இல்ல," என்றேன்.

"நல்லது. நீங்களாச்சும் மனுசங்களா இருங்க."

எழுத முடியாததால் நோட்டை என்னிடம் தள்ளினாள். 'பார்' என்ற வினைச்சொல் பாடம். நான் பார்க்கிறேன், நீ பார்க்கிறாய், அவள் பார்க்கிறாள் என்று அவளுக்கும் சேர்த்து எழுதிக்கொடுத்தேன். நன்றி சொன்னாள். அந்த நன்றி எச்சில் மாதிரி மேலே ஒட்டிக்கொண்டது.

வீட்டுக்கு வந்ததும் வண்டி விளக்கைப் போட்டு முன்னால் போய் நின்றேன். வீடு தெரியவில்லை. நீட்டிய என் கை தெரியவில்லை. பேட்டரி இறங்குது, அங்க என்னடா பண்ற என்று மாமாவின் குரல் மட்டும் வந்தது. பல்பைக் கழற்றட்டுமா என்று கேட்டேன்.

"அதுல கைய வெச்ச, அப்புறம் வண்டியில ஏறாத."

அணைத்தேன். விளக்கின் கண்ணாடியில் நேற்றைய பூச்சிகள், இறக்கையும் மஞ்சள் கூழுமாகக் காய்ந்து ஒட்டியிருந்தன. நகத்தால் சுரண்டினேன். வரவில்லை.

பழைய பல்புகள் சீட்டுக்கு அடியில் கிடக்கின்றன. ஒன்று எரியும்.

நாளை: மாமா எழுந்து பல் துலக்குவதற்குள் வெள்ளை இரண்டையும் கழற்ற வேண்டும். எரிகிற பழையதை வலப்பக்கம் மாட்ட வேண்டும். கடை திறந்ததும் மஞ்சள் ஒன்று வாங்க வேண்டும். கண்ணாடியை வெந்நீரில் துடைக்க வேண்டும்.