பெட்டி வச்ச வீடு

மேட்ச் ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, தட்டாஞ்சாவடி ஆபீசில் இருந்த எல்லா போனும் ஒன்றாக அலற ஆரம்பித்துவிட்டன.

"வட்டம் சுத்துதுங்க! டாஸ் போட்டதுலேர்ந்து வட்டம்தான் சுத்துது! நாங்க மேட்ச் பாக்கறதா, வட்டத்தப் பாக்கறதா?" என்றார் உழவர்கரைக்காரர் ஒருவர். வெள்ளைக்காரத் தெருவில் கெஸ்ட் ஹவுஸ் வைத்திருக்கும் பெரியவர், கோபம் தாங்காமல் பாதி பிரெஞ்சிலேயே திட்டினார். அர்த்தம் புரியாவிட்டாலும், ஆபீசில் லைன்களைப் பார்த்துக்கொள்ளும் அன்புசெல்விக்குத் திட்டு நன்றாகவே உறைத்தது.

இந்த பிராட்பேண்ட் பிழைப்பே அப்படித்தான். ஊருக்கு ஒரு தொட்டித் தண்ணீரை வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வீடு தொட்டி நிறையத் தருகிறேன் என்று சொல்லிக் குழாய் போட்டுவிடுவார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் திறக்க மாட்டார்கள் என்கிற தைரியம்தான் முதலாளியின் முதல். இதில் கில்லாடித்தனம் வேறு. வேகம் எவ்வளவு என்று சோதித்துப் பார்க்கும் தளங்களுக்கு மட்டும் எந்நேரமும் வழி திறந்தே இருக்கும். "நீங்களே செக் பண்ணிப் பாருங்க சார், ஸ்பீடு ஃபுல்லா காட்டுதா இல்லியா?" என்று கேட்டால் போதும், பாதிப் பேர் தங்கள் டிவிதான் பழசு என்று நம்பிப் போனை வைத்துவிடுவார்கள். ஆனால் ஃபைனல் மேட்ச் அன்று அந்தப் பருப்பு வேகாது.

முதலாளி வெற்றிச்செல்வன் பனியன் தெரியச் சட்டைப் பித்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டு ஓடி வந்தான். ஸ்கிரீனில் மொத்த லைனின் பாரத்தைக் காட்டும் கோடு உச்சியில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

"செல்வி, எதனா பண்ணும்மா! இன்னிக்கி விட்டா நாளைக்கிப் பாதி பேரு கனெக்‌ஷன மாத்திக்குவான்."

அன்புசெல்வி யோசிக்கவே இல்லை. பல நாளாக மனசுக்குள் புகைந்துகொண்டிருந்த விஷயம் அது. "மொதல்ல இந்த ஓசி லைனையெல்லாம் நெரிப்போம்ணே. கட்சி வட்டச் செயலாளரோட மச்சான், யூனியன்காரரு தம்பி, அவரு வூட்டு வாடகைக்காரன்னு ஊர்ல பாதி பேரு ஓசியிலதான் குளிர் காயறான். காசு குடுக்கறவன் வட்டத்தப் பாக்கறான், இவன் படம் எறக்கறான். அதுவும் மேல ஏத்தற வேகத்த, அதான் வூட்டுலேர்ந்து வெளிய அனுப்பறத, சுத்தமா மூடிடலாம். ஓசியில இருக்கறவன் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு கம்ப்ளெயின்ட் பண்ணுவான்?"

வெற்றிச்செல்வன் முகம் மலர்ந்தது. "பண்ணு, பண்ணு. அந்த யூனியன்காரரு லைன் ஒண்ண மட்டும் வெளிய எடுத்துடு. அந்தாளு வாயில விழ முடியாது."

எடுத்தாள். 'இலவசம்' என்று இருந்த கூட்டம் மொத்தத்துக்கும் ஒரே கட்டளை கொடுத்தாள். முட்டிக்கொண்டு நின்ற கோடு மெல்லக் கீழே இறங்கியது. ஒவ்வொரு போனாக வாயை மூடியது. "ராசாத்தி!" என்று சொல்லி முதலாளியே கீழே போய் டீயும் சமோசாவும் வாங்கி வந்தான். அப்போது வெளியே நல்ல வெளிச்சம்.

டீயைக் குடித்துக்கொண்டே அவள் தன் செல்போனைத் திறந்து அம்மாவைப் பார்த்தாள்.

பிள்ளைச்சாவடியில் அவள் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு சின்ன கேமரா உண்டு. போன வருஷம் ஆடி மாசம் அம்மா அஞ்சலாட்சிக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. மீன் கூடையைத் தலையில் வைத்து ஊர் ஊராக நடந்தவளுக்கு, இப்போது கோலைப் பிடித்துக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு வருவதே பெரும்பாடு. வலது கை மட்டும் பழைய தெம்போடு இருந்தது. புருஷன் முத்து போட்டில் போனால் கரை திரும்ப நாலைந்து நாளாகும். பக்கத்து வீட்டுத் துர்கா நல்லவள்தான். ஆனால் தொட்டதற்கெல்லாம் அம்மா கூப்பாடு போட்டதில் ஒரு நாள் அவளும் முகத்தைச் சுளித்துவிட்டாள். அன்புசெல்விக்கு மானம் போய்விட்டது. அன்றைக்கே கேமராவை வாங்கி மாட்டி, அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லியும் விட்டாள்.

"இனிமே சத்தம் போட்டுத் தெருவக் கூட்டாத. எதனா ஒண்ணுன்னா இத்தப் பாத்துக் கைய ஆட்டு. நான் அங்கேர்ந்து பாத்துக்கினே இருப்பேன்."

சொன்னபடியே செய்தாள். ஒரு நாள் அம்மா கையை ஆட்ட, இவள் ஆபீசிலிருந்து துர்காவுக்குப் போன் போட, செம்பில் தண்ணீர் வந்து சேர்ந்தது. அஞ்சலாட்சிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எம் பொண்ணு தட்டாஞ்சாவடில குந்திக்கினே என்னியப் பாக்குது" என்று பெருமை அடித்துக்கொண்டாள்.

இப்போதும் அம்மா படத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கோல் மடியில் இருந்தது. அன்புசெல்விக்கு நிம்மதி. மறுபடி ஒரு போன் வந்தது, பேசினாள். இன்னொரு முறை பார்த்தாள். அம்மா அப்படியே உட்கார்ந்திருந்தாள். டிவியில் சீரியலில் மூழ்கிவிட்டாள் போல, பரவாயில்லை என்று நினைத்தாள். மேட்ச் சூடு பிடித்தது. கோடு அடங்கி ஒடுங்கி ஓடியது. முதலாளி மூன்றாவது சமோசாவைத் தின்றான்.

"செல்வி, லைட்டப் போடும்மா, இருட்டிப்போச்சு" என்றான் அவன்.

அவள் எழுந்து சுவிட்சைத் தட்டினாள். ஜன்னலுக்கு வெளியே தொழிற்பேட்டைத் தெரு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. திரும்பி வந்து உட்கார்ந்து, பழக்கத்தில் போனைப் பார்த்தாள்.

படத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் திறந்திருந்த கதவின் வழியே வாசல் தெரிந்தது. வாசலில் நல்ல வெளிச்சம் இருந்தது.

ஒரு நிமிஷம் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இங்கே இருட்டினால் அங்கே மட்டும் எப்படி வெளிச்சம் இருக்கும்? ஓரத்தில் 'நேரலை' என்று சிவப்புப் புள்ளி கூசாமல் எரிந்தது. மேலே சுற்ற வேண்டிய மின்விசிறியின் மூன்று றெக்கையும் தனித்தனியாக நின்றன. படம் பகலிலேயே உறைந்து நின்றுவிட்டிருந்தது.

நெரிக்கப்பட்ட வீடுகளின் வரிசையைத் திறந்தாள். நடுவில் எங்கோ இருந்தது: அன்புசெல்வி, பிள்ளைச்சாவடி, பெட்டி வைத்த வீடு, இலவசம்.

அடிப்பாவி! அவளுக்கு அது ஓசி என்று ஒரு நாளும் தோன்றியதே இல்லை. கேபிள் பிள்ளைச்சாவடிக்கு வந்தபோது, தெருவுக்கே பிரித்துக் கொடுக்கிற பெட்டியைச் சுவரில் மாட்ட ஒரு வீடும் சம்மதிக்கவில்லை. ராத்திரியெல்லாம் இரையும், இடி விழும் என்று ஆளாளுக்குச் சாக்கு. இவள்தான் தன் வீட்டுச் சுவரைக் காட்டினாள். பெட்டிக்குக் கரண்டும் அவள் வீட்டிலிருந்துதான் போகிறது. சுவரும் கரண்டும் கொடுக்கிற வீட்டுக்குக் காசு வாங்குவதில்லை என்பது இந்தத் தொழிலில் பேசாமலே பேசி வைத்த வழக்கம். கொடுத்து வாங்குகிறோம் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள். கம்ப்யூட்டருக்குச் சுவரும் தெரியாது, கரண்டும் தெரியாது. வட்டச் செயலாளர் மச்சானும் அவளும் அதற்கு ஒன்றுதான்.

அம்மாவின் பட்டன் போனுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடியும் அடித்தாள். துர்காவுக்கு அடித்தாள், எடுக்கவில்லை. தன் லைனைத் திறந்துவிட்டாள். படம் வருகிறதா என்று பார்க்கக்கூடப் பயமாக இருந்தது. பையைக்கூட எடுக்காமல் படியில் இறங்கி ஓடினாள்.

"ஏய், எங்கம்மா போற? இன்னும் கடைசி பத்து ஓவரு கீதே!" என்று மேலிருந்து கத்தினான் வெற்றிச்செல்வன்.

ஸ்கூட்டியை அவள் எப்படி ஓட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. கோட்டக்குப்பம் நெரிசலில் யாரோ கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். பொம்மையார்பாளையம் தாண்டும்போது வழியெல்லாம் டீக்கடைகளில் கூட்டம் டிவியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது. எந்தக் கடையிலும் வட்டம் சுற்றவில்லை. 'ஒண்ணும் ஆயிருக்காது, ஒண்ணும் ஆயிருக்காது' என்று வாய் விட்டே சொல்லிக்கொண்டு போனாள். எல்லையம்மனுக்கு என்னென்னவோ வேண்டிக்கொண்டாள்.

தெருவுக்குள் நுழைந்தபோது துர்கா வீட்டிலிருந்து ஒரே கூச்சல். யாரோ சிக்ஸர் அடித்துவிட்டான். தெருப் பிள்ளைகள் முழுக்க அங்கேதான், பெரிய டிவியில் படம் தெள்ளத் தெளிவாக ஓடியது. அன்புசெல்வியின் சுவரில் இருந்த பெட்டியிலிருந்துதான் அந்த லைனும் போகிறது. பெட்டியின் பச்சை விளக்குகள் ஒரு குறையுமில்லாமல் மினுக்கின.

அவள் வீட்டில் விளக்குப் போடவில்லை. டிவி வெளிச்சத்தில் நாற்காலி தெரிந்தது. நாற்காலியில் அம்மா இல்லை.

"அம்மா!"

லைட்டைப் போட்டாள். அஞ்சலாட்சி தரையில் ஒருக்களித்துக் கிடந்தாள். ஒரு கால் பார்க்கவே முடியாதபடி திரும்பிக்கிடந்தது. புடவை நனைந்திருந்தது. கோல் கட்டிலுக்கு அடியில் உருண்டு போயிருந்தது. வலது கை மட்டும் தரையிலிருந்து ஒரு முழம் எழும்பி, கேமராவைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தது. விழுந்தது, மறுபடி எழும்பியது, ஆடியது.

அன்புசெல்வி அலறிய அலறலில் துர்கா வீட்டில் டிவி சத்தம் நின்றது. ஆட்கள் ஓடி வந்தார்கள். யாரோ ஆம்புலன்சுக்குப் போன் போட்டார்கள்.

"ஐயையோ, பெரிம்மா!" என்று துர்கா மாரில் அடித்துக்கொண்டாள். "ஒரு செவுருதான நடுவுல கீது! ஒரு கொரல் குடுத்திருந்தா ஓடியாந்திருப்பனே! ஏன் பெரிம்மா கூப்புடல?"

அஞ்சலாட்சியின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. பேச்சு கோணிக்கொண்டு வந்தது.

"செல்விதான்... பாத்துக்கினு கீதே" என்றாள் துர்காவிடம். "சத்தம் போட்டா திட்டும்."

பிறகு கண்ணைத் திருப்பி மகளைத் தேடினாள். அன்புசெல்வி அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கிழவியின் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும்.

"பொழுதோட வுழுந்தன்டி. அப்பலேர்ந்து ஆட்டிக்கினேதான் கீறேன். கையி வுட்டுப்போச்சு" என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, மகளைத் தேற்றுகிற மாதிரிக் கேட்டாள். "வேல ஜாஸ்தியாடி இன்னிக்கி? பாத்தும் வர முடியலியா?"

இல்லை அம்மா, நான் பார்க்கவே இல்லை, நான்தான் உன்னை மூடிவிட்டேன் என்று இந்தக் கிழவிக்கு எப்படிச் சொல்வது? சொன்னால் எது புரியும்? அன்புசெல்வி அம்மாவின் வலது கையைப் பிடித்துக் கீழே இறக்கப் பார்த்தாள். அது இறங்க மறுத்தது.

இடுப்பில் போன் அடித்தது. கை தன் பாட்டுக்கு எடுத்துக் காதில் வைத்தது.

"செல்வி, எங்கம்மா போய்ட்ட? நாமதான் ஜெயிச்சோம்!" என்று வெற்றிச்செல்வன் சந்தோஷத்தில் கத்தினான். "நீ சொன்னது கரெக்டும்மா. ஓசி லைன் ஒண்ணுலேர்ந்து கூட ஒரு கம்ப்ளெயின்ட் வரல."