பொதுமக்கள் நன்றி தெரிவித்தனர்

1.

ஒரே ஒரு வாக்கியத்தை மைக்கில் பேசாமல் தப்பிப்பதற்காகத்தான் இந்தக் கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் தெரிந்து நீங்கள் கோபித்துக்கொண்டால் எனக்குத் தாங்காது. எனக்குக் கோபித்துக்கொள்ளத்தான் தெரியும், கோபத்தை வாங்கிக்கொள்ளத் தெரியாது.

என் பெயர் ஆண்ட்ரூ. ஊர் சாந்தோம். வயது ஐம்பத்தாறு. மூன்று நாவல்கள் எழுதியிருக்கிறேன். [நாவல் கணக்கு இங்கே எதற்கு? அடித்துவிடவும்.]

முதலில் இப்படித் தொடங்கினேன்:

சாந்தோம் கடலில் சூரியன் மெல்ல மறைந்துகொண்டிரு

(எங்கள் கடலில் சூரியன் உதிக்கும். மறைவதெல்லாம் கோடம்பாக்கம் பக்கம். ஐம்பத்தாறு வருஷம் இங்கேயே குடியிருந்து இதைக்கூடக் கவனிக்காதவன் கதை எழுத வந்துவிட்டான்.)

இரண்டாவது தொடக்கம்:

வால்டருக்குக் கண் தெரியாது.

இது உண்மை. ஆகவே இருக்கட்டும்.

2.

வால்டரும் நானும் ஒரே பள்ளி, ஒரே பெஞ்சு. பதினேழு வயதில் அவனுக்குப் பார்வை போயிற்று. தி. நகரில் ஓர் அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருக்கிறான். காலை எட்டேகாலுக்கு வீட்டைவிட்டுக் கிளம்பி, எங்கள் சின்ன மாதா கோயிலின் மதிலை ஒட்டியே நடந்து, மதில் முடியும் இடத்திலுள்ள நிறுத்தத்தில் பஸ் ஏறுவான். இருபத்தொன்பது வருஷமாக அந்த நடையில் யார் கையையும் அவன் பிடித்ததில்லை.

கண் தெரியாத தம்பி, கல்யாணம் செய்துகொள்ளாமல் அவனோடு இருக்கும் அக்கா. வாசகர் முகம் சுளிப்பார், அழவைக்கப் பார்க்கிறான் என்பார் என்று எனக்கும் தெரியும். அதனால் இரண்டாம் படியில் வால்டருக்குப் பார்வை கொடுத்துப் பார்த்தேன். அடுத்த பத்தியிலேயே அவன் பாட்டுக்கு ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டான். கதை முடிந்துபோயிற்று. வேறு வழியில்லாமல் பார்வையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

இதை அவனிடமே சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்தான்.

"ஒரு பத்தி முழுக்கப் பாத்தேனா? பரவால்லடா. ஆனா என்னப் பாவமா மட்டும் எழுதாத. வேணும்னா கொஞ்சம் கெட்டவனா எழுது."*

* கொஞ்சம் கெட்டவன்தான். பிடிக்காதவர்கள் போன் செய்தால் லைனில் காக்கவைத்துவிட்டு இட்லி சாப்பிடுவான்.

3.

ரோட்டை ஒருவழிப் பாதையாக்கப் போகிறார்கள் என்று தெருமுனையில் நோட்டீஸ் ஒட்டினார்கள். பஸ் இனி மதிலோரம் நிற்காது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கும். நடுவில் சிக்னல் கிடையாது. பொதுமக்கள் பகுதிக் கூட்டத்தில் கருத்துச் சொல்லலாம் என்று கடைசி வரியில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது.

எப்படிச் சொல்வது என்று போட்டிருக்கவில்லை. விசாரித்துத் தெரிந்துகொண்டேன். உங்களுக்கும் ஒருநாள் உதவும். காலையிலேயே போய் டோக்கன் வாங்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும், போடாதவர் வராதவர். ஆளுக்கு மூன்று நிமிஷம், அப்புறம் மணி அடித்துவிடுவார்கள். அன்றைய பட்டியலில் உள்ளதைப் பற்றி மட்டும்தான் பேசலாம். ஒரு விஷயத்துக்கு ஒருவர் ஒருமுறைதான். (கதை நடுவே கட்டுரை எதற்கு என்கிறீர்களா? இந்தக் கதையில் பயன்படக்கூடிய பத்தி இது ஒன்றுதான்.)

வால்டரின் அக்கா லூயிசா ரிட்டையர்டு டீச்சர். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசையில் பைபிள் வாசகம் வாசிப்பவர். குரல் கணீரென்று இருக்கும். ஆனால் தானாகப் பேச வராது, தாளில் இருந்தால்தான் வாசிப்பார். எழுதிக்கொடு என்று என்னிடம் வந்தார். எழுத்தாளன் ஆயிற்றே, விடுவேனா? கடல்காற்று வந்தது. மதிலின் சூடு வந்தது. வால்டரின் காலடிச் சத்தம் வந்தது. கடைசி வாக்கியம் இது:

ஒரு மனிதன் தனியே நடந்துபோகக்கூடிய தூரம்தான் ஓர் ஊரின் அளவு.

எழுதிவிட்டு நானே இரண்டு முறை படித்தேன். அவ்வளவு திருப்தி.

லூயிசா அக்கா தாளைத் திருப்பிப் பார்த்தார். "கடைசில நன்றி, வணக்கம் போடலியே?"

"அதெல்லாம் பழசுக்கா. கடைசி வாக்கியம் அப்படியே காத்துல நிக்கணும்."

"நிக்குமாடா?"

"நிக்கும்."

4.

கூட்டம் ஒரு சமூகக்கூடத்தில் நடந்தது. முப்பது பேர் இருப்போம். அதில் இருபதுக்கு மேல் எங்கள் கோயில்காரர்கள். டோக்கன் ஒன்று, குப்பத்தில் மீன் விற்கும் புஷ்பம்.

"எங்காண்ட பத்து நாளா கொழாய்ல தண்ணி வர்ல சார். இன்னா பண்றது?"

"அது இன்னிக்கி லிஸ்ட்ல இல்லம்மா," என்றார் அதிகாரி.

"கொழாய்லயும் இல்ல, லிஸ்ட்லயும் இல்லியா நைனா?"

மணி அடித்தது.

டோக்கன் இரண்டு, லூயிசா அக்கா. வாசித்தார். என் வாக்கியங்கள் இவ்வளவு நல்லவை என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. ஃபேனைத் தவிரச் சத்தமில்லை. ஊரின் அளவு வரைக்கும் வந்தார். நிறுத்தினார். தாளைத் திருப்பினார். பின்பக்கம் ஒன்றுமில்லை. எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எப்படியாவது முடிக்க வேண்டும். முப்பத்தொரு வருஷமாக மைக் முன்னால் எப்படி முடித்தாரோ அப்படியே முடித்தார்:

"ஆண்டவரின் அருள்வாக்கு."

பூசையில் இதைக் கேட்டால் சபையார் சொல்லும் பதில் ஒன்று உண்டு. அதற்கு யோசிக்க வேண்டாம், வாய் தானாகவே சொல்லும். இருபது பேரும் ஒரே குரலில் சொன்னோம்:

"இறைவா உமக்கு நன்றி."

நானும் சொன்னேன். வால்டர் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னான். அதிகாரி சந்தோஷமாகக் கைகூப்பினார். புஷ்பம் மட்டும் என்னை முறைத்தார். "நிறுத்தத்தத் தூக்கறான், நன்றின்றீங்க. இன்னா ஆளுங்கப்பா நீங்க?" மீன் கெட்டுப்போகும் என்று அப்போதே கிளம்பிவிட்டார். பதிவேட்டில் கையெழுத்துப் போடவில்லை.

அடுத்து டோக்கன் மூன்றைக் கூப்பிட்டார்கள். இரண்டு தரம் கூப்பிட்டார்கள். டோக்கன் மூன்று என் சட்டைப்பையில் இருந்தது. மைக் என்றாலே எனக்குச் சின்ன வயதிலிருந்து

(விளக்கம் வேண்டாம். நான் எழுந்திருக்கவில்லை.)

5.

நடவடிக்கைக் குறிப்பை ஒரு வாரம் கழித்துப் பலகையில் ஒட்டினார்கள். அப்படியே தருகிறேன்:

எண் 2: செல்வி லூயிசா பேசினார். பொதுமக்கள் ஒருமித்த குரலில் நன்றி தெரிவித்தனர். எண் 3: அழைத்தும் வரவில்லை.

குறிப்பு எழுதுபவர் பெயர் இனாயத். கெட்ட மனிதர் என்று எழுத எவ்வளவோ முயன்றேன். டீ வாங்கிக் கொடுத்துவிட்டார், முடியவில்லை.

"காதுல விழுந்ததத்தான் சார் எழுதினேன். அந்தம்மா அழகா படிச்சாங்க. எல்லாரும் சேந்து நன்றின்னீங்க. நீங்களும் சொன்னீங்க, பாத்தேன்."

"அது கோயில் பழக்கம் சார்."

"இருக்கட்டும் சார். நிறுத்தத்த மாத்த வேணாம்னு யாரு சொன்னா? ஒரு பேரு சொல்லுங்க."

யோசித்தேன். என் தாளில் 'வேண்டாம்' என்ற சொல் எங்குமே இல்லை. சொல்லாமல் விட்டால்தான் அழகு, வாசகருக்குப் புரிந்துவிடும் என்று விட்டிருந்தேன்.

வழி இருக்கிறது என்றார் இனாயத். வியாழக்கிழமை கூட்டத்தில் குறிப்பைப் படித்து உறுதிசெய்வார்கள். அதற்கு முன்னால், போன கூட்டத்தில் கையெழுத்துப் போட்டு, இதைப் பற்றிப் பேசாத யாராவது ஒருவர் எழுந்து தவறு என்று சொன்னால் திருத்துவார். சொல்லாவிட்டால் அதுவே மக்கள் கருத்து. லூயிசா அக்கா பேசிவிட்டார், இன்னொரு தரம் பேச முடியாது. கண் தெரியாதவர் என்று வால்டருக்கு வெளியிலேயே நாற்காலி போட்டு உட்காரவைத்து மரியாதை செய்திருந்தார்கள், பதிவேடு அவனிடம் போகவே இல்லை. (வெளியில் இருந்துகொண்டே அவ்வளவு சத்தம்.) கையெழுத்துப் போட்டிருந்த மற்றவர்களைக் கேட்டேன். எல்லோரும் ஒரே பதில் சொன்னார்கள்: "எழுதறவரு நீங்க. நீங்களே பேசிடுங்க."

6.

ஆகவே பேசுவதற்குப் பதில் முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

(அ) நான் எழுந்து பேசுகிறேன். அரங்கமே கைதட்டுகிறது. அதிகாரி கண்கலங்கி, நிறுத்தம் இங்கேயே இருக்கும் என்கி

எனக்கே கொட்டாவி வந்துவிட்டது.

(ஆ) யாரும் பேசவில்லை. நிறுத்தம் மாறுகிறது. காலையில் லூயிசா அக்கா தம்பியைக் கையைப் பிடித்து ரோடு தாண்டவிடுகிறார். மழைநாளில் அவன் லீவு போடுகிறான். பிறகு மழையில்லாத நாளிலும் போடுகிறான்.

இதை வால்டருக்குப் படித்துக் காட்டவில்லை.

லூயிசா அக்கா வீடு தேடி வந்தார். மேஜைமேல் கிடந்த தாளைப் படித்தார். திருத்தப் போகிறார் என்று பேனாவை மறைத்தேன்.

"அவன் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறது எனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்லடா. எனக்கு அறுபத்தெட்டு. நான் போனப்புறம் யாரு கையப் புடிப்பான்? அதுதான்டா எனக்குப் பயம்."

மறைத்த பேனாவை மேஜைமேல் வைத்தேன். வெட்கமாக இருந்தது. பக்கம் முழுக்க எழுதினேன், இந்த ஒரு வரி எனக்கு வரவில்லை.

வாசலில் நின்று திரும்பினார். "இந்தத் தடவ வேணாம்னு போடு. நன்றி கின்றி ஒண்ணும் போடாத."

7.

வியாழன், காலை பதினொன்று. இதைச் சமூகக்கூடத்தில் மடியில் வைத்து எழுதுகிறேன். முதல் ஆளாக வந்ததால் டோக்கன் எண் ஒன்று. ஒளிந்துகொள்ள எனக்கு முன்னால் யாரும் இல்லை. வால்டரை உள்ளே கூட்டிவந்து பக்கத்தில் உட்காரவைத்திருக்கிறேன். பதிவேட்டை நானே அவனிடம் நீட்டினேன், பெரிதாகக் கையெழுத்துப் போட்டான். அடுத்த கூட்டத்துக்கு ஆகும்.

வாக்கியம் தயார். 'குறிப்பு தவறு. யாரும் நன்றி சொல்லவில்லை. நிறுத்தத்தை மாற்ற வேண்டாம்.' மூன்று வாக்கியமாகிவிட்டது. அழகாக ஒன்றுமில்லை. ஒரு வேண்டுகோள்: நான் முடித்ததும் பழக்கதோஷத்தில் நீங்கள் எதுவும் பதில் சொல்லிவிடாதீர்கள். இனாயத் பேனாவைத் திறந்து வைத்திருக்கிறார்.

"எண் ஒன்று," என்கிறார் அதிகாரி.

இந்தப் பத்தியை முடித்துவிட்டு எழுந்துகொள்ளலாம் என்று

"எண் ஒன்று. இருக்காரா?"

வால்டர் என் பக்கம் சாய்கிறான். "நாற்காலி சத்தம் கேக்கலியேடா ஆண்ட்ரூ."

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். மைக்கைப் பிடிக்க எனக்குக் கை வேண்டும்.